64 பிட்டா, 32 பிட்டா: முதலில் பிரிண்டரைப் பாருங்கள்

நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் தங்கையின் கணவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "மச்சான், வீட்டு கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணணும். 32 போடறதா, 64 போடறதா? கடைப் பையனைக் கேட்டா ரெண்டும் ஒண்ணுதான்ங்கிறான்." விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் 32 பிட் பதிப்பா, 64 பிட் பதிப்பா என்பதுதான் கேள்வி. இரண்டும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்லி, மற்றதை விரிவாக எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அவருக்காக எழுதத் தொடங்கியதுதான் இது. நான் கணினி படித்தவன் அல்லன். கடலூரில் நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனால் எங்கள் வீட்டுக் கணினிகளையும், கணக்கு எழுதும் கடைகளின் கணினிகளையும் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாற்றும் வேலையைப் பல ஆண்டுகளாக நானே செய்து வருவதால், எது எங்கே காலை வாரும் என்பது ஓரளவு தெரியும்.

இந்தப் பாடம் எனக்குத் தொடங்கியது 2012இல். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரை கடந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பியபோது, பொங்கலுக்கான வேலைகள் தொடங்கியிருந்தன. கணினியை இயக்கினால் திரை இருட்டாகவே இருந்தது; உள்ளிருந்து விட்டுவிட்டு பீப் ஒலி மட்டும் வந்தது. வந்த மெக்கானிக் பக்கத் தகட்டைக் கழற்றி, ரேம் எனப்படும் நினைவகப் பட்டையை உருவி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பொன்னிறமாக இருக்க வேண்டிய கீழ்விளிம்புப் பற்கள் மங்கிக் கறுத்திருந்தன. கடற்காற்று ஊரில் இது சாதாரணம் என்று சொல்லிவிட்டு, மேசையில் கிடந்த என் மகளின் ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்து, அதிலிருந்த அழிப்பானால் அந்தப் பற்களை ஒரே திசையில் நாலைந்து முறை தேய்த்தார். தூளை ஊதித் துணியால் துடைத்துச் செருகினார். திரை உயிர்பெற்றது. கிளம்பும்போது, "ரெண்டு ஜிபி பத்தாது சார், இன்னொரு ரெண்டு போட்டுக்குங்க" என்றார்.

பாண்டியில் விலை சற்றுக் குறையும் என்பது எங்கள் ஊரில் பழைய நம்பிக்கை. மறுநாளே பேருந்து ஏறி, ரெட்டிச்சாவடி தாண்டிப் போய், டிடிஆர்2 வகையில் இன்னொரு 2 ஜிபி பட்டை வாங்கி வந்து நானே செருகினேன். கணினியின் விவரப் பக்கத்தைத் திறந்தால், நினைவகம் 4.00 ஜிபி என்று எழுதி, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 3.25 ஜிபி மட்டுமே பயன்படுத்தத்தக்கது என்று போட்டிருந்தது. முக்கால் ஜிபியைக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்து, ரசீதோடு மறுபடியும் பாண்டிக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. "உங்க பட்டை முழுசாத்தான் இருக்கு சார். உங்க விண்டோஸ் 32 பிட். அதுக்கு அவ்வளவுதான் எட்டும்" என்றார். போக வர பேருந்துக் கட்டணமும் ஒரு பகற்பொழுதும் செலவழித்துக் கற்ற பாடம் அது.

எட்டாததற்குக் காரணம் எண்களின் பற்றாக்குறை. நம் அஞ்சல் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூருக்கு 607001, புதுச்சேரிக்கு 605001 என்று ஆறு இலக்கங்கள். ஆறு இலக்கத்தில் பத்து லட்சத்துக்கு மேல் குறியீடு உண்டாக்க முடியாது. அதற்கு மேல் ஊர்கள் இருந்தாலும் அவற்றுக்குக் கொடுக்க எண் இராது. அதைப்போல 32 பிட் இயங்குதளத்தில், நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் 32 இரும இலக்கங்களில், அதாவது 0 அல்லது 1 ஆக இருக்கும் 32 பிட்டுகளில், ஒரு முகவரி உண்டு. அப்படி உண்டாகும் முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. இதுவே 4 ஜிபி. அஞ்சல் குறியீட்டில் 9 என்று தொடங்கும் எண்கள் இராணுவ அஞ்சலுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதைப் போல, இந்த முகவரிகளிலும் மேல்கோடியில் உள்ள ஒரு பகுதி திரை அட்டை, வலைப்பின்னல் அட்டை போன்ற சாதனங்களுக்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அந்த முகவரிகளில் இருந்திருக்க வேண்டிய உண்மையான ரேம், எண் இல்லாத வீடாக நின்றுபோகிறது. என் முக்கால் ஜிபி போன இடம் அதுதான். திரை அட்டை பெரிதாக இருந்தால் இழப்பும் கூடும்.

இதற்கு ஒரு சுற்றுவழி 1995இல் வந்த பென்டியம் ப்ரோ காலத்திலிருந்தே உண்டு. பிஏஇ என்ற அந்த முறையில் முகவரி 36 பிட்டாக நீண்டு 64 ஜிபி வரை எட்டும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. வீட்டுக்கான 32 பிட் விண்டோஸ் பதிப்புகளிலோ 4 ஜிபி என்ற வரம்பு அப்படியே இருந்தது. பிஏஇ இருந்தாலும்கூடத் தனித்தனி நிரல் ஒவ்வொன்றும் தன் 4 ஜிபி எல்லைக்குள்தான் புழங்க முடியும். ஆகவே சுற்றுவழி சுற்றுவழியே. 64 பிட்டில் இந்த நெருக்கடி இல்லை. வீடுகளில் இருக்கும் பெரும்பாலான 64 பிட் ப்ராசஸர்கள் முகவரிக்கு இப்போது 48 பிட்டுகளையே பயன்படுத்துகின்றன என்றாலும், அதுவே 256 டெராபைட் வரை எட்டும்.

64 போட்டால் கணினி இரண்டு மடங்கு வேகமாகும் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஆகாது. ப்ராசஸரின் உள்ளே கைக்கருவிகளைப் போல இருக்கும் பொதுப் பதிவேடுகள் எட்டிலிருந்து பதினாறாகக் கூடுகின்றன. பெரிய எண்களை ஒரே மூச்சில் கையாள முடிகிறது. வீடியோ மாற்றுவது, பெரிய கோப்புகளைச் சுருக்குவது போன்ற வேலைகளில் பலன் தெரியும். ஆனால் ஒவ்வொரு முகவரியும் 4 பைட்டிலிருந்து 8 பைட்டாகப் பெருத்துவிடுவதால், அதே நிரல் சற்று அதிகமான நினைவகத்தைத் தின்னும். 2 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் 64 போட்டால் வேகம் குறைந்ததாகத் தோன்றுவது இதனால்தான். உண்மையைச் சொன்னால், என் பழைய கணினிக்கு 64 பிட் கொடுத்த வேகத்தைவிட, பின்னாளில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டது கொடுத்த வேகம் பல மடங்கு.

ப்ராசஸர் தாங்குமா என்ற கேள்வி முன்பு பெரியது. இன்று ஏறக்குறைய முடிந்துபோனது. 2003இல் ஏஎம்டி நிறுவனம் ஆப்டரான், அத்லான் 64 ஆகியவற்றின் வழியாக இந்த 64 பிட் முறையைக் கொண்டுவந்தது. பழைய 32 பிட் நிரல்களையும் அப்படியே ஓட்டும் முறை என்பதால் அதுவே நிலைத்தது. 2004இல் இன்டெல்லும் அதையே ஏற்றுக்கொண்டது. 2006இல் வந்த கோர் 2 டுவோவிலிருந்து வீட்டுக் கணினிகளின் முதன்மை ப்ராசஸர்கள் எல்லாம் 64 பிட்டே. விதிவிலக்கு, நெட்புக் என்று விற்ற சிறு மடிக்கணினிகளில் இருந்த ஆட்டம் என்270 போன்றவை. ஏஎம்டி முந்திக்கொண்ட இந்த வரலாற்றின் மிச்சமாக, பதிவிறக்கப் பக்கங்களில் இன்றும் 64 பிட் கோப்பின் பெயரில் ஏஎம்டி64 என்றே இருக்கும். "நம்முடையது இன்டெல் ஆயிற்றே" என்று அதை ஒதுக்கிவிட்டு, ஐ386 என்று எழுதியிருப்பதே இன்டெல் கணினிக்கானது என்று நம்பி 32 பிட் கோப்பை இறக்கியவர்கள் என் உறவிலேயே இருவர். எக்ஸ்86 என்றால் 32, எக்ஸ்64 என்றாலும் ஏஎம்டி64 என்றாலும் 64, ப்ராசஸர் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் சரி.

ப்ராசஸர் 64ஆக இருப்பது வேறு, அதன் மேல் போட்டிருக்கும் இயங்குதளம் 64ஆக இருப்பது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7இன் ஸ்டார்ட்டர் பதிப்பு 32 பிட்டில் மட்டுமே வந்தது. 4 ஜிபிக்கு மேல் தாங்கக்கூடிய எத்தனையோ கணினிகள் இப்படி 32 பிட் விண்டோஸைச் சுமந்தபடியே ஓய்வு பெற்றிருக்கின்றன. விண்டோஸின் விவரப் பக்கத்தில் இயங்குதளம் 32 பிட் என்றும், ப்ராசஸர் எக்ஸ்64 வகை என்றும் சேர்ந்தே எழுதியிருந்தால், மாற்றுவதற்கு வழி இருக்கிறது என்று பொருள்.

வழி இருக்கிறது என்பதனாலேயே மாற்றிவிடக் கூடாது. இங்கேதான் நான் முதல் முறை சறுக்கினேன். பாண்டியிலிருந்து திரும்பிய உற்சாகத்தில் அந்த வாரமே விண்டோஸ் 7இன் 64 பிட் பதிப்பைப் போட்டேன். நான்கு ஜிபியும் முழுதாகத் தெரிந்தது. ஆனால் மாலையில் ஒரு கடையின் பற்றுவரவுத் தாளை அச்சிடப் போனால், 2007இல் வாங்கிய லேசர் பிரிண்டரை விண்டோஸ் அடையாளம் காணவில்லை. அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தேடினால், அந்த மாடலுக்கு 32 பிட் டிரைவர், அதாவது பிரிண்டரை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரல், மட்டும் இருந்தது. 32 பிட் நிரல் 64 பிட் விண்டோஸில் ஓடுகிறதே, டிரைவர் மட்டும் ஏன் ஓடாது என்று குழம்பினேன். நிரல்கள் இயங்குதளத்தின் வாசல் திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்பவை. அவற்றுக்கு மொழிபெயர்ப்பாளரைப் போல வாவ்64 என்ற அடுக்கு இருக்கிறது. டிரைவரோ வீட்டின் சமையலறை வரை வந்து போகும் ஆள். உள்ளே எல்லாம் 64ஆக இருக்கும்போது அதுவும் 64ஆகவே இருந்தாக வேண்டும். அதோடு, டிஜிட்டல் கையொப்பமிட்ட டிரைவராகவும் இருக்க வேண்டும். நிறுவனம் எழுதித் தராவிட்டால் நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே பிரிண்டர் அதே கணினியில் 64 பிட் லினக்ஸில் அச்சடித்தது. அதற்கான டிரைவர் திறமூலமாக, அதாவது அதன் மூல நிரல் எல்லோருக்கும் கிடைப்பதாக இருந்ததால், யாரோ ஒருவர் அதை 64 பிட்டுக்கு மறுபடி தொகுத்து வைத்திருந்தார்.

அடுத்த சறுக்கல் திருப்பாதிரிப்புலியூரில், நான் கணக்கு எழுதும் ஒரு மளிகைக் கடையில் நேர்ந்தது. அங்கே பில் போடும் நிரல், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது; 16 பிட் நிரல். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, பக்கத்தில் கரகரவென்று ஓடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கடை முதலாளிக்கு அதன் விசைகள் கண்ணை மூடினாலும் வரும். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் அறவே ஓடா. ப்ராசஸர் 64 பிட் நிலையில் இயங்கும்போது, டாஸ் நிரல்களை ஓட்ட 32 பிட் விண்டோஸ் நம்பியிருந்த பழைய முறை அதில் கிடைக்காது என்பதே காரணம். டாஸ்பாக்ஸ் என்ற நிரலுக்குள் அதை ஓட்டிப் பார்த்தோம். திரை வந்தது, பில் வரவில்லை. டாஸ்பாக்ஸ் முதன்மையாக விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. அச்சிடுவது அதன் வேலையாகக் கருதப்படவில்லை. அதன் கிளையான டாஸ்பாக்ஸ்-எக்ஸில் அச்சிடும் வசதி உண்டு என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அதற்குள் முதலாளி, "எனக்கு வேண்டாம் தம்பி, பழசையே போட்டுக் குடுத்துடு" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. பில் மட்டும் போடும், இணையத்தில் சேராத கணினிக்கு 64 பிட்டால் ஒரு பயனும் இல்லை. அது இன்றும் 32 பிட்டில்தான் ஓடுகிறது.

மூன்றாவது சிக்கல் தமிழால் வந்தது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. யுனிகோடு பரவுவதற்கு முன் வாங்கிய ஒரு தமிழ்த் தட்டச்சு நிரலை வைத்திருந்தேன். 64 பிட்டுக்கு மாறிய பின், கடித நிரலில் தட்டினால் தமிழ் வருகிறது, நோட்பேடில் தட்டினால் ஆங்கிலமே வருகிறது. எழுத்துருவைக் குறை சொல்லி இரண்டு நாள் வீணடித்தேன். பிறகு புரிந்தது: கடித நிரல் 32 பிட், நோட்பேடு 64 பிட். தட்டச்சு நிரல், விசையடிப்பை வழிமறித்துத் தமிழாக மாற்றுவதற்கு ஒவ்வொரு நிரலின் உள்ளேயும் தன் துணைக் கோப்பை நுழைக்கிறது. 32 பிட் துணைக் கோப்பு 64 பிட் நிரலுக்குள் நுழைய முடியாது. இன்று விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் டாம், டாப், பாமினி என்று பழைய குறியாக்கங்களில் அடித்த கோப்புகள் வைத்திருப்பவர்கள், ஃபார்மேட் செய்யுமுன் அந்த எழுத்துருக் கோப்புகளைத் தவறாமல் நகலெடுத்து வைக்க வேண்டும். எழுத்துருக்களுக்கு 32, 64 பேதமில்லை. தொலைத்துவிட்டால்தான் பழைய கடிதமெல்லாம் புரியாத கிறுக்கலாகத் தெரியும்.

ஆகவே எந்த இயங்குதளம் என்று முடிவெடுக்குமுன் நான் பார்ப்பது கணினியை அல்ல, அதைச் சுற்றியிருப்பவற்றை. பிரிண்டர், ஸ்கேனர், என்னைப் போன்றவர்களிடம் இருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பழைய கணக்கு நிரல் என ஒவ்வொன்றின் மாடல் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 64 பிட் டிரைவரை முதலில் பதிவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்கிறேன். வலைப்பின்னல் அட்டையின் டிரைவரை மறந்துவிடக் கூடாது; அது இல்லாவிட்டால், புதிதாகப் போட்ட இயங்குதளம் இணையத்துக்கே போகாது, மற்ற டிரைவர்களையும் இறக்க முடியாது.

போடும் வேலை அவ்வளவு கடினமானதல்ல. 32 பிட் விண்டோஸின் மேலேயே 64ஐ ஏற்றி, இருக்கும் நிரல்களைக் காப்பாற்ற முடியாது. புதிதாகவே போட வேண்டும். அதே பதிப்பாக இருந்தால் பழைய உரிமச் சாவியே 64 பிட்டுக்கும் செல்லும் என்பதால், அதற்குத் தனியாகப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். டி டிரைவில் இருக்கிறதே என்று சும்மா இருக்க வேண்டாம், பார்ட்டிஷன் திரையில் கை தவறினால் டி டிரைவும் போய்விடும். விண்டோஸைப் போடுவதற்கான பென்டிரைவை (டிரைவர்கள் வைத்திருப்பதை அல்ல) ரூஃபஸ் போன்ற நிரலால் தயாரிப்பது நல்லது. வெறுமனே கோப்புகளை இழுத்துப் போட்டால், எஃப்ஏடி32 வகைப் பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அடங்காமல் பாதியில் நிற்கும்.

கணினியைத் துவக்கிவைக்கும் அடிப்படை நிரல் பழைய கணினிகளில் பயாஸ், புதியவற்றில் யுஇஎஃப்ஐ. ஹார்ட் டிஸ்கின் பிரிவு அட்டவணை எம்பிஆர் வகையா, ஜிபிடி வகையா என்பது இதோடு சேர்ந்தது. விண்டோஸைப் பொறுத்தவரை பயாஸ் முறைக்கு எம்பிஆர், யுஇஎஃப்ஐ முறைக்கு ஜிபிடி. ரூஃபஸ் இந்தக் கேள்வியைக் கேட்கும். தவறாகச் சொன்னால், நிறுவும் திரை இந்த டிஸ்கில் போட முடியாது என்று அடம்பிடிக்கும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2012இன் மின்வெட்டுக் காலத்தில், ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இராது. யுபிஎஸ் பேட்டரி புயலோடு போய்விட்டிருந்தது. முதல் முயற்சி பாதியில் அணைந்தது. பயந்துவிட்டேன், ஆனால் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை, மீண்டும் தொடக்கத்திலிருந்து போட வேண்டியிருந்தது, அவ்வளவே. பயாஸைப் புதுப்பிக்கும்போது மட்டும் மின்சாரம் போகக் கூடாது. போனால் மதர்போர்டே படுத்துவிடக்கூடும்.

இன்றைய நிலவரம் வேறு. 2021இல் வந்த விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் நிபந்தனை. ஏதாவது தந்திரம் செய்து போட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒன்று: விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல், கோர் 2 டுவோவில் இல்லாத ஒரு கட்டளைத் தொகுதி அதற்குக் கட்டாயம், அந்தக் கணினிகளில் அது எழும்பவே செய்யாது. ஆக, பழைய 64 பிட் கணினிக்கு இப்போது நான் போடுவது லினக்ஸ் மின்ட், அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ரேமில் ஓடும் என்கிறார்கள். 4 ஜிபி இருந்தால்தான் மனம் கோணாமல் வேலை செய்யலாம். மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. தமிழ்99 அதிலும் இருக்கிறது.

உண்மையிலேயே 32 பிட் ப்ராசஸர் கொண்ட கணினிதான் இன்று அநாதை. எங்களிடம் ஆட்டம் என்270 நெட்புக் ஒன்று இருக்கிறது. மின்ட் தன் முதன்மைப் பதிப்பில் 2020லேயே 32 பிட்டைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற இன்னொரு லினக்ஸ், 32 பிட் கணினியில் நிறுவுவதற்கான வழியை நிறுத்திவிட்டது. அதனால் எங்கள் நெட்புக் டெபியன் 12இலேயே நிற்கிறது. மனைவி அதில் பழைய பாட்டு கேட்கிறார். வங்கிக் கணக்கு எதையும் அதில் திறப்பதில்லை என்று வீட்டில் விதி.

இனி தங்கை வீட்டுக் கதைக்கு வருகிறேன். விவரப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எக்ஸ்64 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், மேலே 32 பிட் விண்டோஸ் 7. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. 64 பிட் மின்ட் போடலாம் என்று சொல்லி, சிபியுவைக் கொண்டுவரும்போது பிரிண்டரையும் தூக்கி வரச் சொன்னேன். "பிரிண்டர் எதுக்கு மச்சான், அது நல்லாத்தானே இருக்கு?" என்றார். அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையாவது அனுப்புங்கள் என்றேன். இரவு அனுப்பினார், தேடிப் பார்த்ததில் அந்த மாடலுக்கு லினக்ஸில் 64 பிட் டிரைவர் இருக்கிறது. சனிக்கிழமை காலை 9 மணி முதல் எங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை என்று செய்தித்தாளில் போட்டிருப்பதால், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.